இத்தாலியனில் பினோக்கியோவைப் பற்றிப் பேசிப் பார்த்தேன்

இத்தாலியன் கற்க ஆரம்பித்தால், வணக்கம், நலமா, காபி வேண்டும் எல்லாம் தாண்டியதும் ஒரு கேள்வி வந்து நிற்கும்: உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது? நான் எடுத்துக்கொண்டது கார்லோ கொல்லோதியின் பினோக்கியோ, உயிர்பெற்ற மரப்பொம்மைப் பையன் ஒருவனின் கதை. மொத்தம் 36 அத்தியாயங்கள். எல்லாம் சின்னச் சின்னவை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ராத்திரிக்கு ஒன்று ஓடிவிடும்.

தொடக்க வாக்கியங்களில் சிரமமே இல்லை. 'மி பியாச்சே' நம் 'எனக்குப் பிடிக்கும்' போலவேதான். இத்தாலியனில் பிடித்த பொருள்தான் எழுவாய். ஆங்கில வழியாக வருகிறவர்கள் இங்கேதான் திண்டாடுவார்கள். ஆனால் 'பெல்லிஸ்ஸிமோ' (ரொம்ப அழகு), 'இந்தெரெஸ்ஸாந்தே' (சுவாரசியம்) என்று ரெண்டு வார்த்தை பாராட்டியதும் பேச்சு படுத்துவிடுகிறது. அந்தப் பாராட்டு சமையல் குறிப்புப் புத்தகத்துக்கும் பொருந்தும்.

அதனால் பாராட்டை விட்டுவிட்டு ஒரே ஒரு காட்சியைச் சொல்வது என்று மாற்றினேன். எட்டாம் அத்தியாயம். பினோக்கியோ பள்ளிக்கூடம் போக அரிச்சுவடி வேண்டும், வீட்டில் காசில்லை. அவனைச் செதுக்கிய கிழவர் ஜெப்பெத்தோ ஒட்டுப்போட்ட மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறார். திரும்பி வரும்போது கையில் அரிச்சுவடி, உடம்பில் வெறும் சட்டை. வெளியே பனி கொட்டுகிறது. கோட்டு எங்கே என்றால் 'விற்றுவிட்டேன்'. ஏன்? 'பெர்க்கே மி ஃபாச்சேவா கால்தோ', அதாவது புழுக்கமாக இருந்ததாம்! அடுத்த அத்தியாயத்திலேயே பயல் அந்த அரிச்சுவடியை நாலு காசுக்கு விற்றுப் பொம்மலாட்டம் பார்க்கப் போய்விடுகிறான். இதைச் சொல்ல நிகழ்காலமும் கொஞ்சம் வினைச்சொற்களும் போதும். கேட்கிறவரும் 'அப்புறம்?' என்கிறார்.

காலம்தான் இதில் முக்கியமான சூட்சுமம். புத்தகம் முழுக்க பஸ்ஸாத்தோ ரெமோத்தோ என்ற எழுத்துவழக்கு இறந்தகாலம். படிக்கும்போது பழகிவிடுகிறது, வாயில் வராது. கதைச் சுருக்கத்தை நிகழ்காலத்தில் சொல்வதுதான் அங்கே வழக்கம் என்று தெரிந்ததும் பெரிய பாரம் இறங்கியது. புத்தகத்தின் சரித்திரத்துக்கு மட்டும் பேச்சுவழக்கு இறந்தகாலத்தை வைத்துக்கொண்டேன். அதற்கும் நல்ல விஷயம் கிடைத்தது: 1881இல் சிறுவர் இதழில் தொடராக வந்தபோது, 15ஆம் அத்தியாயத்தில் பினோக்கியோவை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கொல்லோதி கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை, தொடர் மறுபடி ஆரம்பித்து, 1883இல் புத்தகமாயிற்று. சினிமாவில் மட்டும் பினோக்கியோவைப் பார்த்தவர்களிடம் இதைச் சொன்னால் முகம் மாறும். பேசும் சுவர்க்கோழிப் பூச்சியை நாலாம் அத்தியாயத்திலேயே சுத்தியலால் அடித்துத் தீர்த்துவிடுகிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உச்சரிப்பைப் பதிவு செய்து கேட்டதில் ஒரு வேடிக்கை. மற்றவர்களைப் படுத்தும் இரட்டை மெய் நமக்குத் தானாக வருகிறது, 'ஜெப்பெத்தோ'வில் ப்ப, த்த எல்லாம் கச்சிதம். ஒற்றைதான் வம்பு. கதையில் வரும் நீலக்கூந்தல் தேவதையின் பெயரில் 'ஃபாத்தா' என்றால் அழுத்தம் கூடிவிடுகிறது, 'ஃபாதா' என்றால் 'பாதம்' என்ற சொல்லில் வரும் த போல மெலிகிறது. அவர்கள் சொல்வது ரெண்டுக்கும் நடுவில். நாக்கை மேல்பல்லில் தொட்டவுடன் எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

கருத்துச் சொல்ல ஒரு குறுக்குவழி: 'க்ரேதோ கே' (நான் நினைக்கிறேன்) என்று ஆரம்பித்தால் வினைச்சொல் வேறு வடிவத்துக்கு மாற வேண்டும். 'செகோந்தோ மே' (என்னைப் பொறுத்தவரை) என்று ஆரம்பித்தால் சாதாரண வடிவமே போதும். என் கருத்துகள் இப்போதைக்கு எல்லாமே 'செகோந்தோ மே' தான்.

அடுத்து பினோக்கியோ தன் நண்பன் லூச்சிஞ்ஞோலோவோடு பொம்மை நாட்டுக்குப் போய்க் கழுதையாக மாறுகிற பகுதி. அதில் யார் யாருக்கு எதைச் சொன்னார்கள் என்பதிலேயே 'லி' (அவனுக்கு), 'லெ' (அவளுக்கு), 'ல்யேலோ' (அவனுக்கு அதை) என்று பிரதிப்பெயர்கள் கூட்டமாக வருகின்றன. முதலில் இருவர் காதும் நீளுகிற இடத்தை மட்டும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.