திரையில் வெயில், தாளில் அந்தி

திரையில் பளிச்சென்று வெயில் அடிக்கும் படம், பிரிண்ட் எடுத்தால் அந்தி நேரம் ஆகிவிடும். மையை மாற்றினேன், தாளை மாற்றினேன், பிரிண்டரைத் திட்டினேன். தப்பு மானிட்டர் பக்கம் என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

நண்பரிடம் கலரிமீட்டர் இரவல் கிடைத்தது. திரைமேல் தொங்கவிடும் சின்னக் கருவி. சாஃப்ட்வேர் ஒவ்வொரு நிறமாகக் காட்டக் காட்ட அது அளந்துகொண்டே போகும். நான் போட்டது இலவசமாகக் கிடைக்கும் டிஸ்ப்ளேகேல். முதல் தடவை அவசரம். மானிட்டர் சூடாகும்வரை பொறுக்கவில்லை, திரையை மஞ்சளாக்கும் நைட் மோடையும் அணைக்கவில்லை. அந்த மஞ்சளையும் சேர்த்துத் திருத்திவிட்டது போல. காலையில் திரை ஒரே நீலம். மறுபடி, அரை மணி நேரம் ஓடவிட்டு அளந்தேன்.

வெள்ளையின் சாயல் 6500 கெல்வின், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள வெளிச்சப் படிகளைச் சொல்லும் காமா 2.2. இவற்றில் தகராறு இல்லை. வெளிச்சம்தான் தூக்கிவாரிப் போட்டது: சதுர மீட்டருக்கு 290 கேண்டெலா! அச்சு வேலைக்கு 80 முதல் 120 வரை போதும் என்பார்கள். தாள் தானாக ஒளிர்வதில்லை, அறையின் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. திரை கண்ணைக் கூசவைத்ததால் ஒவ்வொரு படத்தையும் நானே இருட்டாக்கி அனுப்பியிருக்கிறேன். 100-க்குக் குறைத்ததும் திரை செத்துப்போன மாதிரி இருந்தது. இரண்டு நாளில் கண் பழகிவிட்டது.

அப்புறம் எடுத்த பிரிண்டில் வெளிச்சம் சரி, ஆனால் முகமெல்லாம் செக்கச்செவேல். எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒருமுறை, பிரிண்டர் டிரைவர் ஒருமுறை என்று நிறத்தை இரண்டு பேரும் திருத்தியிருக்கிறார்கள். டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்து, அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பான ஐசிசி புரொஃபைலை சாஃப்ட்வேரில் மட்டும் கொடுத்தேன். இப்போது அச்சிடும் முன் சாஃப்ட் புரூஃபையும், அதாவது தாளில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டத்தையும், பார்த்துவிடுகிறேன். படம் சட்டென வெளிறிப்போகும். அதுதான் தாளால் முடிந்த அளவு. பளபளப்பில்லாத மேட் தாள் என்றால் இன்னும் மோசம்.

பிரிண்டும் திரையும் இப்போது பெரும்பாலும் ஒத்துப்போகின்றன, அடர்நீலம் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. வேறொரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது: பழைய ஆல்பத்தைத் திறந்தால் எல்லாப் படமும் இருட்டு. ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.