மோர்க்காரப் பையன் ஓடிய சாலையில்

ஏப்ரல் மாதம் என் வீட்டுக்காரர் ஓட்டிப்போன லோடு ஆட்டோ கவிழ்ந்தது. வலது தொடையில் கம்பி வைத்தார்கள். ஆகஸ்டில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பு கூடிவிட்டது, இனி ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இவரால்தான் முடியவில்லை. வாக்கரைப் பிடித்து எழுந்திருப்பார். பாதம் தரையில் படும் முன்னாலேயே முகம் வெளுத்து, கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். "வலிக்குதாங்க?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். இல்லை, வலிக்கவில்லை. பயம்.

வண்டிக் கடனுக்கு மாதாமாதம் தவணை. என் நகை அடகில். வீட்டில் ஓடியது என் தையல் மிஷின் ஒன்றுதான். அதுவும் ஆவணி மாதம். முகூர்த்தம் அடுத்தடுத்து வரும், தையல்காரிக்கு அதுதான் அறுவடை. அந்த நேரத்தில்தான் ஏழு ஜாக்கெட் துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன்.

"கும்புடுறத வீட்டுலயே கும்புடக் கூடாதா? மாதா இங்க இல்லையா?" என்றார் மாமியார். கோபத்தில் கேட்கவில்லை, கவலையில் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. போக வேண்டும் என்று மட்டும் உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. நாத்தனார் வந்து நாலு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அப்புறம் நான் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 26 விடியற்காலை மூன்று மணிக்கு, பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, காவிப் புடவையோடு கிளம்பினேன். எங்கள் கூட்டத்தில் முப்பது பேர். முன்னால் மாதா சுரூபம் வைத்த சிறிய தள்ளுவண்டிச் சப்பரம், அதில் ஒரு மைக் செட். 29ஆம் தேதி வேளாங்கண்ணித் திருவிழாவின் கொடியேற்றம். அதற்குள் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும்.

முதல் நாள் அம்மாப்பேட்டை வரை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் நீடாமங்கலத்தில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். பழக்கத்தில் பையில் போட்டிருந்த ஊசி நூல் அங்கேதான் உதவியது. கூட வந்த வயதான அக்கா ஒருவர் என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஊசியை நெருப்பில் காட்டி, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வாங்கினார். நூலை இழுத்து எடுக்காமல், இரண்டு பக்கமும் கொஞ்சம் தொங்கும்படி வெட்டிவிட்டார். நீர் அந்த நூல் வழியாகவே கசிந்து இறங்கியது. "தோலப் பிச்சிடாதம்மா, அதுவே மூடிக்கும்" என்றார். எத்தனையோ பேருக்குக் கொக்கி தைத்த வெள்ளை நூல், இப்போது என் காலில். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதேன்.

கொரடாச்சேரி போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. சாலையோரம் ஒரு வீட்டு வாசலில், நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் அண்டாவில் மோர் வைத்துக்கொண்டு நின்றார். கறிவேப்பிலை, இஞ்சி, கொஞ்சம் உப்பு தூக்கலாக. "நடக்குறவங்களுக்கு உப்பு வேணும், இன்னொரு சொம்பு குடிம்மா" என்றார். வருஷா வருஷம் ஊற்றுகிறாராம். "மாதாகிட்ட எங்க வீட்டுக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்று கும்பிட்டார்.

மோர் என்றால் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கு நினைவு வருவது ஒன்றுதான். வேளாங்கண்ணியில் நடுத்திட்டு என்ற இடத்தில், ஆலமரத்தடியில் மோர் விற்றுக்கொண்டிருந்த பையன். ஏழை விதவையின் மகன், பிறவியிலேயே கால் ஊனம். கையில் குழந்தையோடு வந்த தாய் மோர் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்தார். அப்புறம், நாகப்பட்டினம் போய் அங்கே இருக்கும் ஒரு கத்தோலிக்கப் பெரியவரிடம் தனக்கு இங்கே ஒரு கோயில் கட்டச் சொல் என்றார். சின்ன வயசிலிருந்து கேட்ட கதை. பையனுக்குக் கால் குணமானது, ஓடினான், கூரைக் கோயில் எழும்பியது என்றுதான் மனசில் பதிந்திருந்தது.

அன்று ராத்திரி கொரடாச்சேரியில் படுத்திருந்தபோதுதான் அந்தக் கதையின் வரிசை எனக்கு உறைத்தது. "உனக்குக் கால் கொடுத்துவிட்டேன், போ" என்று தாய் சொல்லவில்லை. நடக்க முடியாதவனிடம் முதலில் வேலையைத்தான் கொடுத்தார். போ என்றார். அவன் எழுந்தான். எழுந்த பிறகுதான் கால் நிற்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. எழுவதற்கு முன்னால் அவன் கையில் இருந்தது அந்தத் தாயின் சொல் மட்டும்தான். கடன் தீரட்டும், அவர் நடக்கட்டும், அப்புறம் நன்றி சொல்ல வருகிறேன் என்று நான் உட்கார்ந்திருந்தால் எப்போது கிளம்பியிருப்பேன்?

மூன்றாம் நாள் திருவாரூரைத் தாண்டிக் கீழ்வேளூரில் தங்கினோம். நாலாம் நாள் சிக்கல், நாகப்பட்டினம். அதற்கு அப்புறம் வேளாங்கண்ணி வரையிலான பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் எனக்கு மொத்தப் பயணமும். அந்தப் பையன் வேளாங்கண்ணியிலிருந்து நாகப்பட்டினம் நோக்கி ஓடினான். நாங்கள் எதிர்த்திசையில் நொண்டிக்கொண்டு போனோம். கடல்காற்று உப்போடு முகத்தில் அடித்தது. நூல் தொங்கிய குதிகாலை ஒவ்வொரு தடவை ஊன்றும்போதும் ஓர் "அருள் நிறைந்த மரியே" ஜெபம். ஒன்று முடிந்தால் அடுத்த அடி. பரவையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்ததும் கூட்டமே "மரியே வாழ்க!" என்று கத்தியது. எனக்குக் குரல் எழும்பவில்லை.

கொடியேற்றக் கூட்டத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை, போனவர்களுக்குத் தெரியும். பெரிய கோயில் பீடத்தில், புயலில் தப்பிக் கரை சேர்ந்த போர்த்துகீசிய மாலுமிகள் காணிக்கையாகக் கொண்டுவந்த பீங்கான் தட்டுகளை எட்ட நின்று பார்த்தேன். பிறகு மாதா குளம் போகும் மணல் பாதை. முழந்தாளிட்டுப் போகத்தான் நினைத்திருந்தேன், உடம்பு கேட்கவில்லை. நடந்தே போய் நடுத்திட்டுக் கோயிலில் உட்கார்ந்தேன். மோர் ஊற்றிய பெரியவர் வீட்டுக்காகத்தான் முதலில் வேண்டினேன். எங்களுக்காக வேண்ட வாய் திறந்தபோது பட்டியல் எதுவும் வரவில்லை. "அவருக்கும் போன்னு சொல்லும்மா" என்று மட்டும் வந்தது.

மறுநாள் பஸ்ஸில் வீடு திரும்பினேன். தவணை அப்படியே இருந்தது, துணி கொடுக்க யாரும் வந்திருக்கவில்லை. மாதா கோயில் எண்ணெயை இவர் நெற்றியிலும் தொடையிலும் தடவினேன். "உன் காலக் காட்டு" என்றார். தயங்கித் தயங்கி நீட்டினேன். காய்ந்த கொப்புளத்தில் அந்த நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து, விரலால் அதைத் தொட்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம், "அந்த வாக்கர இப்படி நகத்தி வை" என்றார்.