சுவரில் உரசினால் பற்றாத குச்சி

இன்று காலை விளக்கேற்றப் போனபோது தீப்பெட்டியின் பட்டை ஈரத்தில் நைந்து கிடந்ததால், குச்சியைச் சுவரிலும் தரையிலும் உரசிப் பார்த்தேன், பற்றவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அப்படிப் பற்றாமல் இருப்பதே அதன் சிறப்பு.

19ஆம் நூற்றாண்டின் வெண்பாஸ்பரஸ் குச்சிகள் எங்கே உரசினாலும் எரிந்தன. அவற்றைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்போ அந்த நச்சுப் புகையால் அழுகியது. சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844இல் காப்புரிமை பெற்ற முறையில், ஆபத்தில்லாத சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பட்டைக்குப் போனது. பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து குச்சியின் தலையில் நின்றது. இரண்டும் உரசிக்கொண்டால்தான் தீ.

கல்கத்தாவில் இத்தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் சிவகாசியில் தொடங்கிவைத்த கைத்தொழிலில், குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் அடுக்கி, முதலில் உருகிய மெழுகிலும் பிறகு மருந்திலும் முக்கி எடுத்து உலர்த்தினார்கள். மெழுகு ஏறாத குச்சியில் தலை மட்டும் சீறி அடங்கிவிடும். மரத்துக்குத் தீ இறங்காது. அடுக்குவது, முக்குவது, உலர்த்துவது, பெட்டியில் நிரப்புவது என அத்தனையையும் இப்போது பல ஆலைகளில் இயந்திரங்களே செய்துவிடுகின்றன.

இவ்வளவு வேலை அடங்கிய பெட்டி 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாயிலிருந்து 2 ரூபாய்க்கு ஏறியது. அதற்கும் நாம் முணுமுணுத்தோம்.