சண்டைக்கு முன் வழக்கு

2014இல் சோனி ஸ்டூடியோவின் கணினிகளை உடைத்து மின்னஞ்சல்களை வெளியே கொட்டினார்கள். அதில் ஒன்று மார்வெல் தலைவராக இருந்த ஐக் பெர்ல்மட்டர் எழுதியது. பெண்களை வைத்து எடுத்த சூப்பர்ஹீரோ படங்கள் எப்படிப் படுத்தன என்பதற்கு மூன்று படங்களை வரிசைப்படுத்தியிருந்தார்: 'எலெக்ட்ரா', 'கேட்வுமன்', 'சூப்பர்கேர்ள்'. மூன்றும் படுத்தது உண்மைதான். ஆனால் 2011இல் 'கிரீன் லான்டர்ன்' 20 கோடி டாலர் விழுங்கிவிட்டுப் போட்ட காசையே ஒழுங்காக மீட்கவில்லை. இனி ஆம்பிளைகளை வைத்துப் படம் எடுக்கக்கூடாது என்று அதற்காக யாரும் மின்னஞ்சல் எழுதியதாகத் தெரியவில்லை.

முதலில் கணக்கு. தியேட்டரில் வசூலாகும் காசில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரருக்குப் போகும். விளம்பரச் செலவு தயாரிப்புச் செலவுக்குள் வராது. ஆகவே ஒரு படம் தலை தப்ப வேண்டுமென்றால் தயாரிப்புச் செலவைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு வசூலிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பல சண்டைகள் தீர்ந்துவிடும். 'அட்டாமிக் ப்ளாண்ட்' (2017) வசூலித்தது 10 கோடி டாலர்தான், ஆனால் செலவு 3 கோடி. 'ஃபியூரியோசா' (2024) 17 கோடியைத் தாண்டி வசூலித்தும் நட்டம், ஏனென்றால் செலவும் கிட்டத்தட்ட அவ்வளவு. 'த மார்வெல்ஸ்' (2023), 'பேர்ட்ஸ் ஒஃப் ப்ரே' (2020) இரண்டும் ஏறக்குறைய 20 கோடிதான் எடுத்தன. முதலாவதன் செலவே 20 கோடிக்கு மேல் என்பதால் அது படுதோல்வி. இரண்டாவதன் செலவு அதில் பாதிக்கும் கீழே என்பதால் அது மயிரிழையில் தொங்கியது. 'ஃபியூரியோசா' நல்ல படம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல படமும் விழும்.

எங்கட பக்கத்துக்கு இந்தக் கணக்கு இன்னொரு விதத்தில் பொருந்தும். மட்டக்களப்பில் பெரிய நட்சத்திரத்தின் படம் வந்தால் முதல் நாள் பொடியன்கள் பட்டாசு கொளுத்துவார்கள். படம் எப்படி என்று தெரிய முன்னமே மூன்று நாள் காசு வந்துவிடும். கதாநாயகியை நம்பி எடுத்த படத்துக்கு அந்த மூன்று நாள் இல்லை. அது வாய் வார்த்தையால்தான் ஓட வேண்டும். வாய் வார்த்தை பரவ ஒரு கிழமை செல்லும், அதற்குள் தியேட்டரில் அடுத்த படம் வந்துவிடும். ஆகவே இப்படிப்பட்ட படம் சின்னச் செலவில் எடுக்கப்பட வேண்டும், இரண்டாம் கிழமை வரைக்கும் திரையில் நிற்க வழி செய்ய வேண்டும். 2025 ஓணத்துக்கு வந்த மலையாளப் படம் 'லோகா' இதைச் சரியாகச் செய்தது. கல்யாணி பிரியதர்ஷன் நடித்த அந்தப் படத்துக்குச் செலவு 30 கோடி இந்திய ரூபாய் அளவில், வசூல் 300 கோடி. கள்ளியங்காட்டு நீலி என்ற நாட்டார் கதையை எடுத்து, அந்த யட்சியை இன்றைய பெங்களூரில் கொண்டுபோய் விட்டார்கள். அவள் யார் என்று மலையாளிக்கு விளக்கத் தேவையே இருக்கவில்லை.

கணக்கு முடிந்தது. மறுகா கதை. விழுகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

'கேட்வுமன்' (2004) ஏன் படுத்தது என்று கேட்டால் எல்லோரும் உடுப்பையும் கிராபிக்ஸையும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய பிழை கதையின் வழக்கில், அதாவது அவள் எதற்காகச் சண்டை பிடிக்கிறாள் என்பதில், இருந்தது. வில்லி ஒரு அழகுசாதனக் கம்பெனிக்காரி. ஆபத்து, முகத்துக்குப் பூசுகிற கிரீம். ஆண் சூப்பர்ஹீரோவுக்கு உலகத்தைக் காப்பாற்றக் கொடுத்துவிட்டு, பெண்ணுக்குக் கிரீமைக் கொடுத்தார்கள். இவள் தோற்றால் யாருக்கு என்ன போகும் என்ற கேள்விக்குப் பதிலே இல்லாத படம் அது.

'வொண்டர் வுமன்' (2017) 82 கோடி டாலர் எடுத்தது. இரண்டு படைகளுக்கும் நடுவில் கிடக்கும் வெளியில் அவள் ஏறிப் போகிற காட்சியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதை அவிழ்த்துப் பாருங்கள். குழந்தையோடு ஒரு தாய் தங்கள் கிராமம் படும் பாட்டைச் சொல்கிறாள். கூட வந்த ஆம்பிளைகள், நாங்கள் வந்த வேலை இதில்லை, எல்லோரையும் காப்பாற்ற ஏலாது என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவள் மேலங்கியைக் கழற்றி ஏணியில் கால் வைக்கிறாள். பாதிப் படம் வரைக்கும் முழு உடுப்பையும் காட்டாமல் வைத்திருந்ததன் பலன் அங்கே வருகிறது. அந்த ஏற்றத்தில் அவள் ஒருத்தரையும் அடிப்பதில்லை, குண்டுகளைத் தடுத்துக்கொண்டு நடக்கிறாள், அவ்வளவுதான். கேட்டது, மறுத்தது, ஏறியது என்று மூன்று படி. மீட்ட கிராமம் பிறகு விஷவாயுவில் அழிகிறது, அதனால் அந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருக்கிறது. அதே படத்தின் கடைசிச் சண்டையில் நெருப்பும் மின்னலும் கொட்டுகிறது, மனதில் ஒன்றும் நிற்பதில்லை.

இந்த ஒழுங்கு எங்களுக்குப் புதிதா? வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு வரைக்கும் படிக்கிற கண்ணகி வழக்குரைப் பாடலின் கட்டு இதுதானே. கண்ணகி வந்தவுடன் நகரை எரிப்பதில்லை. முதலில் இழப்பு, பிறகு வழக்கு, பிறகு அத்தாட்சி. அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டிய பிறகுதான் நெருப்பு. கேட்டுக்கொண்டிருக்கிற சனம் அதற்கு முன்னமே அவள் பக்கம் சாய்ந்திருக்கும். எரித்த பிறகு அவளைக் குளிர்விக்கவும் ஒரு சடங்கு இருக்கிறது. சண்டை முடிந்த கையோடு பாட்டைப் போட்டுப் படத்தை முடிக்கிற இயக்குநர்கள் அந்தக் கடைசிப் பகுதியைக் கவனிக்க வேண்டும்.

தமிழில் வருகிற பல கதாநாயகிப் படங்களில் வழக்கு இல்லை, நடை மட்டும் இருக்கிறது. ஆம்பிளை ஹீரோவுக்கு எழுதிய பஞ்ச் வசனம், ஸ்லோ மோஷன், காலால் கதவை உதைப்பது எல்லாம் அப்படியே, பெயர் மட்டும் மாறியிருக்கும். விஜயசாந்தியின் 'வைஜயந்தி ஐ.பி.எஸ்' (தெலுங்கில் 'கர்த்தவ்யம்', 1990) ஏன் ஓடியது? அவள் கையில் சட்டம் இருந்தது, அந்தச் சட்டத்தை மேலிடம் மடக்கியது, அவள் அதை நிமிர்த்தினாள். 'விக்ரம்' (2022) படத்து ஏஜென்ட் டீனா இன்னும் நல்ல உதாரணம். படம் முழுக்க வீட்டு வேலைக்காரியாக நின்றவள், குழந்தையைத் தேடி ஆட்கள் வந்ததும் திரும்புகிறாள். சில நிமிடம்தான். தியேட்டர் எழும்பி நின்றது. அந்த வேடத்தில் நடித்த வசந்தி பல வருடம் நடனக் குழுக்களில் வேலை செய்தவர். அதை மறக்க வேண்டாம், கீழே தேவைப்படும்.

இனி உடம்பு. 55 கிலோ பெண் 85 கிலோ ஆளின் தாடையில் குத்தி அவன் பறந்தால் சனம் சிரிக்கும். சூப்பர் சக்தி இருந்தால் அதைப் படத்தின் தொடக்கத்திலேயே காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால், தொண்டை, விரல், படிக்கட்டு, கதவு, கையில் அகப்படுகிற சாமான், வருகிறவனின் வேகம், இவற்றைத்தான் பாவிக்க வேண்டும். 'அட்டாமிக் ப்ளாண்ட்' படிக்கட்டுச் சண்டை ஒரே ஷாட் போலத் தெரிந்தாலும் பல துண்டுகளை ஒட்டியது. அது நம்பும்படி இருப்பதற்குக் காரணம் களைப்பு. அவளும் தள்ளாடுகிறாள், அடிக்கிறவனும் தள்ளாடுகிறான், இரண்டு பேருக்கும் நிற்கவே ஏலாது. மூச்சு வாங்காத சண்டை பொய்ச் சண்டை.

உடுப்பும் ஒரு பிரச்சினை. நீளக் காற்சட்டையும் நீளக் கைச் சட்டையும் போட்ட ஆணுக்கு முழங்கால், முழங்கை, இடுப்புக்குப் பஞ்சு வைக்கலாம். கை இல்லாத, இறுக்கமான உடுப்புப் போட்ட பெண்ணுக்கு வைக்க இடமில்லை. விழுகிற காட்சி பயந்து பயந்து வரும், அல்லது டூப் காயப்படுவார். விரித்த தலைமுடி டூப்பின் முகத்தை மறைக்க உதவும், ஆனால் நடிகையின் முகத்தையும் சேர்த்து மறைத்துவிடும். முகம் தெரியாத சண்டையில் யாருக்கும் அக்கறை வராது.

இங்கே குறும்படம் எடுக்கிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம். குத்து உண்மையில் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போக வேண்டும். கமெராவை அடிக்கிறவரின் அல்லது அடிபடுகிறவரின் தோளுக்குப் பின்னால் வையுங்கள், பக்கவாட்டில் வைத்தால் இடைவெளி தெரிந்துவிடும். கொஞ்சம் தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்தால் இடைவெளி இன்னும் சுருங்கும். விநாடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதிலாக 22இல் எடுத்தால் வேகம் சற்றுக் கூடும், 20க்குக் கீழே போனால் பகிடியாகிவிடும். அடிபடுகிறவர் தலையைத் திருப்புகிற நேரம்தான் அடியை விற்கும், குத்துகிறவரின் பலம் இல்லை. நாலைந்து அசைவு முழு உடம்பும் தெரிகிற மாதிரி ஓடட்டும், பிறகு வெட்டுங்கள். ஒவ்வொரு அடிக்கும் வெட்டினால் எடிட்டர் சண்டை பிடித்த மாதிரி இருக்கும்.

நடிகை கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். கூத்துப் பழகிய பிள்ளைகளைத் தேடுங்கள். வடமோடிக் கூத்து ஆடுகிறவளுக்குக் கால் தாளத்தில் நிற்கும், கூத்தாடும் வட்டக்களரியில் மூச்சை எப்படிப் பங்கிடுவது என்றும் தெரியும். சண்டையை எட்டு அசைவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளக்கட்டுக் கொடுத்து, மத்தளம் தட்டிப் பழக்கலாம். முதலில் கால்வாசி வேகம், பிறகு அரை வேகம், மூன்றாவதாகத்தான் முழு வேகம். கடற்கரை மணலில் எடுப்பதென்றால் விழுவதற்கு நல்லது, ஆனால் மணல் காலைப் பிடிக்கும், உதை பாதியாகக் குறையும், ஆகவே அங்கே கைச் சண்டையும் மல்லுக்கட்டும் வையுங்கள். எங்கள் பக்கம் சூரியன் கடலிலிருந்து எழும்புவதால், விடிந்து முதல் முக்கால் மணித்தியாலத்துக்குள் கடலைப் பார்த்துக் கமெராவை வைத்தால் இருவரும் நிழலுருவாகத் தெரிவார்கள், அந்தக் குத்தின் இடைவெளியும் அதோடு மறைந்துவிடும்.