20×10 ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோயில் கும்பாபிஷேக பேனர், 20×10 அடி. டிசைன் கோரல் டிராவில் தடங்கலில்லாமல் முடிந்தது. அடித்து வந்ததைப் பிரித்தால் ராஜகோபுரம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கிறது. "நீங்க குடுத்த படமே அவ்ளோதான் சார்" என்றார்கள் கடையில். அந்தப் பதில்தான் இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் படத்தில் குறையே கிடையாது.

நடந்தது இதுதான். அடிக்கு ஒரு இஞ்ச் கணக்கில் ஃபைல் 20×10 இஞ்ச். மெஷினுக்கு அனுப்பும்போது அதை 300 ரெசல்யூஷனில், அதாவது இஞ்சுக்கு 300 பிக்சல் கணக்கில், எக்ஸ்போர்ட் செய்துவிட்டார்கள். மொத்தம் 6000×3000 பிக்சல். 20 அடிக்கு விரித்தால் இஞ்சுக்கு 25 பிக்சல்தான் மிஞ்சும். நோட்டீஸுக்கு 300 சரி. சின்ன அளவில் செய்து 12 மடங்கு விரிக்கும் ஃபைலுக்கு அந்த எண்ணை நம்பாதீர்கள். முழு அளவில் 72 வேண்டுமென்றால் 20×10 இஞ்ச் ஃபைலில் 864 வைக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் 17,280×8,640 பிக்சல் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். முழு அளவிலேயே 300 வைக்கவும் முடியாது: 72,000 பிக்சல் அகலம் ஆகிவிடும், ஜேபெக் 65,535-ஐத் தாண்டாது.

வாட்ஸ்அப்பில் வரும் போட்டோ தனித் தலைவலி. சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 1200 பிக்சல் அகலப் படத்தை 4 அடிக்கு இழுத்தால் அதே 25-தான். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி அடம்பிடியுங்கள். வேறு வழியே இல்லையென்றால் பெரிதாக்கியபின் லேசாக நாய்ஸ் (பொடிப்புள்ளி) சேர்த்தால் கட்டங்கள் கண்ணை உறுத்தாது. பெரிதாக்குவதால் இல்லாத விவரம் வந்துவிடாது.

அடிக்கும் முன் காசு மிச்சப்படுத்தும் சோதனை ஒன்று. 72-ல் இருக்கும் கடைசி ஃபைலில் முகமோ கோபுரமோ உள்ள இடத்தில் 595×842 பிக்சல் வெட்டி, ஏ4 தாளில் அளவு மாற்றாமல் பிரின்ட் எடுங்கள். பேனரில் அந்த இடம் அதே அளவில்தான் வரும். சுவரில் ஒட்டிப் பதினைந்தடி தள்ளி நின்று பாருங்கள். இரண்டாம் முறை இப்படிப் பார்த்த பிறகுதான் அடிக்கச் சொன்னோம்; கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள்கூடத் தெளிவாக வந்தன.

நிறம்: சயன், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைக் கணக்கான சிஎம்ஒய்கே-க்கு நீங்களே மாற்றிக் கொடுங்கள். நீலத்தில் சயனும் மெஜந்தாவும் சமமாக இருந்தால் ஊதாவாகிவிடும். மெஜந்தாவை 70-க்குக் கீழே இறக்குங்கள். கருப்புக்கு நான்கிலும் 100 வைத்தால் மை காயாமல், சுருட்டும்போது ஒட்டிக்கொள்ளும். வெறும் கே (கருப்பு மை) 100 ஃப்ளெக்ஸில் சாம்பலடிக்கும். அதே வரிசையில் 60, 40, 40, 100 நன்றாக வருகிறது.

எழுத்தைக் கோரல் டிராவில் கன்ட்ரோல் க்யூ போட்டு கர்வ் (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்காமல் கொடுக்கவே கூடாது. பாமினி ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். பழைய போட்டோஷாப்பில் யூனிகோட் கொம்பு இடம் மாறும். கர்வ் ஆக்கியபின் பிழை திருத்த முடியாது என்பதால் அசல் ஃபைலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் அரையடிக்கு எழுத்து எதுவும் வேண்டாம். சட்டத்தில் மடித்து ஆணி அடிக்கும்போது முதலில் மறைவது கீழே இருக்கும் தேதி வரிதான். அனுமதி எண்ணும் அங்கேதான் வரும், அதையும் உள்ளே தள்ளி வையுங்கள். 10 அடிக்கு மேல் உயரம் போனால் பெரும்பாலான மெஷின்களில் இரண்டாக அடித்து ஒட்டுவார்கள். ஒட்டு எங்கே விழும் என்று கேட்டு, முகத்தை அங்கிருந்து நகர்த்துங்கள்.

லேயரை எல்லாம் ஒன்றாக்கி, தரம் குறையாமல் சுருக்கும் எல்இசட்டபிள்யூ டிஃப் ஃபைலாகப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். மெஷின் திரையில் 240×120 இஞ்ச் என்று வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.