புல்நுனியில் ஒரு பனை

ஜனவரி 6

குரூப் 4 தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்து இன்றோடு ஒரு மாதம். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 25 கேள்வி கணக்கும் திறனறிவும். மீதி 75 பொது அறிவு. பொது அறிவு என்று லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே இயற்பியல், வேதியியல், உயிரியல், புவியியல், வரலாறு, அரசமைப்பு, பொருளாதாரம் என்று ஒரு பள்ளிக்கூடமே உட்கார்ந்திருக்கிறது. நான் படித்ததோ பி.காம். ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். பாடத்துக்கு ஒன்றாக எட்டு நோட்டு வாங்கி, பிரவுன் அட்டை போட்டு, பெயர் எழுதி வைத்தாயிற்று.

ஜனவரி 9

திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரில் ஒரு வெண்பா. தினையளவுகூட இல்லாத புல்நுனி நீர், நீண்ட பனையின் உருவத்தைக் காட்டும். குறளும் அப்படித்தான் என்கிறது. நூல், ஆசிரியர், பொருள் மூன்றையும் தமிழ் நோட்டில் எழுதிவிட்டுத் தாளைத் திருப்பப் போனேன். கை நகரவில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் விளை முழுக்கப் பனைதானே நிற்கிறது. இந்தப் பக்கத்தில் தை மாதம் வரைக்கும் பனியும் இறங்கும். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

ஜனவரி 10

ஆறு மணிக்கே விளைக்குப் போனேன். அருகம்புல் முழுக்கப் பனி. முழங்கால் போட்டு, கன்னம் தரையில் படுகிற மாதிரி சாய்ந்து, ஒரு துளிக்குப் பின்னால் மேற்கு ஓரத்து ஒற்றைப் பனை வருகிற மாதிரி கண்ணை நகர்த்திக்கொண்டே போனேன். முதலில் வெறும் வெளிச்சம்தான். அப்புறம் சட்டென்று தெரிந்தது. மரம் முழுசாக இருக்கிறது, ஓலை விரிப்புகூடத் தெரிகிறது, ஆனால் தலைகீழாக. வானம் கீழே, மண் மேலே.

எனக்குக் குழப்பம். துளியின் மேற்பரப்பு குவியாடி மாதிரி, அதனால் பிம்பம் நேராகத்தான் விழும் என்று நினைத்துப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தைப் புரட்டினேன். ஒளி துளியின் மேல் பட்டுத் திரும்பினால் அது குவியாடி. சின்னதாக, நேரான பிம்பம். துளிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தால் அது குவிலென்ஸ். தூரத்துப் பொருள் சின்னதாக, தலைகீழாக விழும். நான் பார்த்தது இரண்டாவது. ஒரே துளி இரண்டு வேலையும் செய்கிறது. மனப்பாடம் பண்ணிப் பண்ணி மறந்துபோன குவியாடிக்கும் குவிலென்ஸுக்கும் உள்ள வித்தியாசம் இனி மறக்கவே மறக்காது.

இதை எந்த நோட்டில் எழுதுவது? தமிழா, இயற்பியலா? பத்து நிமிடம் யோசித்து, எட்டு நோட்டையும் பரண் மேல் போட்டுவிட்டு, ஒரு பெரிய நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் துளியையும் பனையையும் வரைந்தேன்.

பிப்ரவரி 18

எழுத்திலக்கணம். உயிர் 12, மெய் 18, இரண்டும் சேர்ந்த உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி குறுக்கே வந்தான். "அக்கா, போன்ல 'க்' அடிச்சிட்டு ஒரு தடவை மட்டும் அழிச்சுப் பாரு."

அழித்தேன். எழுத்து போகவில்லை, புள்ளி மட்டும் போய் 'க' நின்றது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கிற யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பதே 128 இடம்தான், அதிலும் எல்லாம் நிரம்பவில்லை என்றான். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிர், அகரம் ஏறிய மெய், கால் கொம்பு போன்ற குறிகள், புள்ளி. இவற்றைக் கோத்துத்தான் மற்ற எழுத்தெல்லாம் வருகிறது.

இலக்கணத்தில் க் + அ = க. கணினியிலோ 'க'தான் அடிப்படை, அதன் மேல் புள்ளி வைத்தால் 'க்'. மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல் என்பது தொல்காப்பியம். அங்கே உயிர் வந்து சேர்ந்தால் புள்ளி போகும். இங்கே புள்ளி வந்து சேர்ந்தால் உயிர் போகும். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் இரண்டு பேரும் எழுத்துகளை அடித்து அடித்து அழித்துக்கொண்டிருந்தோம். 'கோ'வை அழித்தால் 'க', 'கீ'யை அழித்தாலும் 'க'.

மார்ச் 22

அப்பாவுக்குப் பதநீர்க் காலம். பதநீர் இறக்குகிற மண் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். இன்று அமிலமும் காரமும் படித்த கையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விரலால் ஒரே சீராக, வாயிலிருந்து அடி வரைக்கும் இழுக்கிறார். காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக மாற்றும். சுண்ணாம்பின் காரம் அதை வேலை செய்ய விடாது. தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். "கூடிப்போனா வாய் பொத்துப்போகும், குறைஞ்சா புளிச்சிரும்" என்றார் அப்பா. எவ்வளவு என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். புத்தகத்தில் அது இல்லை.

அம்மா ஆலாத்திக்குக் கரைக்கிற மஞ்சள் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதும் இதே பாடம்தான். மஞ்சள் ஒரு இயற்கைச் சுட்டிக்காட்டி.

ஏப்ரல் 6

மாதிரித் தேர்வு. விடைத்தாளில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வட்டத்தை விடாமல் நிரப்பிவிட்டேன். அதற்கப்புறம் முப்பது விடைகள் ஒரு வரிசை தள்ளிப் போயின. அழுகை வந்தது. தெரிந்த விடைகளுக்கு மதிப்பெண் போனதுதான் தாங்கவில்லை. இனி பத்துக் கேள்விக்கு ஒரு தரம் எண்ணைச் சரிபார்ப்பது என்று முடிவு.

மே 31

காற்று எழும்பிவிட்டது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைக் காத்தாடிகள் எல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டன. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு இடையிலான கணவாய்க்குள் நெருக்கியடித்து வருவதால் இங்கே இந்த வேகம். கணக்குப் பாடத்தில் வரும் மூன்றாம் அடுக்கு இங்கேயும் இருக்கிறது: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், ஒரு நொடியில் காத்தாடிக்கு அது கொண்டுவரும் ஆற்றல் எட்டு மடங்காகும்.

இதற்குப் பக்கத்திலேயே புறநானூறு 66ஐ எழுதினேன். கடலில் கப்பல் விட்டு, காற்றையே வேலை வாங்கியவனின் வழியில் வந்தவனே என்று கரிகாலனை அழைக்கிறது பாட்டு. 'வளிதொழில் ஆண்ட' என்பது சொல். பாடியவர் வெண்ணிக் குயத்தியார். கடையில் வாங்கிய ஒரு வழிகாட்டியில் புலவர் பெயர் தப்பாக இருந்தது. அந்த வரியை அடித்துச் சரியாக எழுதினேன். இந்தப் பெயர் தப்பாக இருக்கவே கூடாது. கவிதையைத் தேர்வுக்காகப் படிப்பது பாவம் என்று சிலர் சொல்கிறார்கள். தேர்வு இல்லாவிட்டால் இந்தப் பெண் எனக்குக் கிடைத்திருக்கவே மாட்டாள்.

ஜூன் 3

காற்று ஏறுவதற்குள் அப்பா மரமெல்லாம் முடித்துவிட்டு வந்துவிடுகிறார். பழைய சோறு போட்டுக்கொண்டே அந்தப் பாட்டைச் சொன்னேன். வெண்ணிப் போரில் கரிகாலன் ஜெயித்தான். முதுகில் புண்பட்ட சேரன் வெட்கப்பட்டு வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிரை விட்டான். ஜெயித்த ராஜாவின் முகத்துக்கு நேரே, உன்னைவிட அவன் நல்லவன் இல்லையா என்று கேட்டவர் ஒரு குயவர் வீட்டுப் பெண்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "கொசவர் வீட்டுப் பொம்பளையா? ராசாகிட்டேயா?"

"ஆமாப்பா."

பக்கத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த கலயத்தை எடுத்து, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார்.

"அந்தப் பாட்டை இன்னொரு தடவை சொல்லு பாப்போம்" என்றார்.