லிமிட்டரை உயர்த்தும் முன் ராடு போல்ட்டைப் பாருங்கள்

மாற்றியமைத்த என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் 7000 என்றிருக்கும் ஆர்.பி.எம். (நிமிடத்துக்குச் சுற்றுகள்) எல்லையை, அதாவது லிமிட்டரை, 8000 என்று மாற்ற அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிட வேலையால் உள்ளே இருக்கும் உலோகத்தின் மீது எவ்வளவு சுமை ஏறுகிறது என்பதைத் தாளில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்த பிறகே மடிக்கணினியைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

86 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்), பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் 140 மி.மீ. நீளமுள்ள கனெக்டிங் ராடு, பிஸ்டனும் அதை ராடோடு கோக்கும் பின்னும் (pin) ரிங்குகளும் சேர்ந்து அரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் அது ராடை மேல்நோக்கி இழுக்கும் விசை 7000 சுற்றில் ஏறத்தாழ ஒன்றரை டன். 8000 சுற்றில் இரண்டு டன். வேகம் கூடியது ஏழில் ஒரு பங்குதான் என்றாலும், விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் சுமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் முடிவில் எதிர்த்து அழுத்த எரிந்த வாயுவின் அழுத்தமும் இல்லாததால், அந்த இழுவை முழுவதையும் ராடின் கீழ்முனையைக் கிராங்கோடு பிணைக்கும் இரண்டு சிறிய ராடு போல்ட்டுகளே தாங்குகின்றன. ஆகவே என் முதல் செலவு எப்போதும் நல்ல போல்ட்டுகளுக்குத்தான். முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரென்ச் காட்டும் அளவில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும் என்பதால், முறுக்குவதற்கு முன்னும் பின்னும் போல்ட்டின் நீளத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு அது நீண்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். கழற்றிய பின்னும் பழைய நீளத்துக்குத் திரும்பாத போல்ட்டை மீண்டும் பயன்படுத்துவதில்லை.

அடுத்தது வால்வுகள். இதில் நான் நேரடியாக அடிபட்டிருக்கிறேன். ஒருமுறை ஹெட்டை (வால்வுகள் இருக்கும் சிலிண்டரின் மேல்மூடி) கழற்றியபோது, மூன்றாம் பிஸ்டனின் தலையில் நகக்கீறல் போல மெல்லிய பிறைவடிவத் தடம் ஒன்று பளபளத்தது. அதிக சுற்றில் வால்வை மூடும் ஸ்பிரிங் சோர்ந்து, வால்வைத் தள்ளித் திறக்கும் கேமின் வடிவத்தைப் பின்பற்ற முடியாமல் வால்வு தாமதமாக மூடியதால், மேலே வந்த பிஸ்டன் அதைத் தொட்டுவிட்டிருக்கிறது. வால்வு வளையாமல் தப்பியதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். கடினமான ஸ்பிரிங் போட்டால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கேம் முழுமையாகத் தூக்கும்போது அதன் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது, ஸ்பிரிங்கின் மேல்மூடியான ரிட்டெய்னர் வால்வுத் தண்டின் எண்ணெய் சீலைத் தொடக்கூடாது. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அறிய, பிஸ்டன் தலையில் களிமண்ணை ஒட்டி, அதன் மேல் சிறிது எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, பிறகு களிமண்ணை வெட்டி மிக மெல்லிய இடத்தை அளக்க வேண்டும். உள்ளிழுக்கும் வால்வுக்கு 2 மி.மீ.க்குக் குறையாமலும், சூட்டில் நீளும் புகை வால்வுக்கு இன்னும் அரை மி.மீ. கூடுதலாகவும் நான் விடுகிறேன்.

எண்ணெய் பம்ப்பின் பற்சக்கரங்களும், கிராங்கின் அதிர்வை அடக்கும் டாம்ப்பரும் கூட இந்த வேகத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்வதற்கு முன்பே, என்ஜினின் சக்தியை அளக்கும் டைனோவின் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது. 6500 சுற்றிலேயே சக்தி செங்குத்தாக விழும் என்ஜினை, கேமும் காற்று உள்ளே வரும் இன்டேக்கும் மாறாமல் 8000க்கு ஓட்டுவதால் சத்தத்தைத் தவிர எதுவும் கிடைக்காது. அடுத்த கியருக்கு மாறியதும் சுற்று எங்கே இறங்குகிறதோ அங்கே கிடைக்கும் சக்தியைவிட, இருக்கும் கியரிலேயே நீடித்தால் கிடைக்கும் சக்தி அதிகமாக இருக்கும்வரைதான் கூடுதல் சுற்றுக்குப் பொருள் உண்டு.

எல்லையை உயர்த்தும்போது நான் 200 சுற்றுகளாகவே உயர்த்துகிறேன். ஒவ்வொரு படியிலும் எண்ணெய் அழுத்தத்தையும் எரிபொருள் கலவையையும் பதிவு செய்து பார்க்கிறேன். 8000 சுற்றில், கிராங்க் இருமுறை சுற்றும் ஒரு முழு நான்கு ஸ்ட்ரோக் சுழற்சிக்கு 15 மில்லி நொடிகள்தான் என்பதால், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஏறத்தாழ முழுநேரமும் திறந்தே இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் கியருக்குப் போக வேண்டிய இடத்தில் தவறி முதல் கியர் விழுந்தால், சக்கரங்களே என்ஜினைச் சுழற்றும். அப்போது எந்த லிமிட்டரும் காப்பாற்றாது. அதை ஓட்டுநரின் கைதான் தடுக்க வேண்டும். ஆனால் இலகுவான ஃப்ளைவீல் (கிராங்கின் முனையில் சுழலும் கனச் சக்கரம்) உள்ள வண்டியில், முதல் கியரில் சுற்று அவ்வளவு விரைவாக ஏறுவதால், எரிபொருளோ தீப்பொறியோ லிமிட்டரால் துண்டிக்கப்படுவதற்குள் சுற்றுமானியின் ஊசி எல்லையைத் தாண்டிவிடுகிறது. இதற்கு இடம் விட்டே, கணக்கில் 8200 வரை தாங்கும் என்று வந்த என் என்ஜினுக்கு லிமிட்டரை 7800இல் வைத்திருக்கிறேன்.